கனவில் ஒரு கேரம் போர்டு: கோத்தகிரியில் 14 வாரம்

கேரம் போர்டில் வலது ஓரச் சட்டத்தை ஒட்டி ஒரு காய் நின்றால் எனக்கு விரல் இறுகிவிடும். எதிர்மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் தூரம்தான் இருக்கும். ஸ்ட்ரைக்கரால் மெல்லத் தொட்டால் போதும், காய் சட்டத்தை உரசிக்கொண்டே போய் விழுந்துவிடும். கொஞ்சம் வேகம் கூடினாலும் சட்டத்தில் இடித்து நடுப் போர்டுக்கு வந்து எதிராளிக்கு விருந்தாகிவிடும். இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்தும், விடும் நேரத்தில் சுட்டுவிரல் வெடுக்கென்று இழுக்கும். மணிக்கட்டு பலகையை விட்டு எழும்பும். போன வருடப் பொங்கல் போட்டியில், டபுள்ஸ் கடைசி போர்டில் இதே காயைத்தான் தவறவிட்டேன். எனக்கு ஜோடியாக எதிரே உட்கார்ந்திருந்த மாமா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஏறி வரும் வழியில்தான் சொன்னார்: "மாப்ள, ஒனக்குக் கையில கோளாறு இல்ல. வெரலு விடுறதுக்கு முன்னாடியே பயம் வந்துருது."

அந்தப் பயத்தை எடுக்க நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி பொங்கல் வரை 14 வாரம், கனவுக்குள் போய் அந்த ஒரே ஷாட்டைப் பழகிப் பார்த்தேன். நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்போம். இதையும் அதே முறையில் செய்தேன்.

தெளிவுக் கனவு என்பது, கனவு காணும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுவது. பலருக்கு வாழ்க்கையில் ஓரிரு முறையாவது தானாக வந்திருக்கும். இது வெறும் கற்பனை இல்லை என்று 1975-இல் நிரூபித்தார்கள். கனவு அதிகம் வரும் ரெம் உறக்கத்தில் மூளை நம் கைகால் தசைகளை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு எழுந்து ஓடிவிடுவான். ஆனால் கண்ணை அது கட்டுவதில்லை. இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கருவியில் கோடு விழுந்தது. சில வருடங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதையே செய்து காட்டினார். 2021-இல் வந்த ஆய்வில் ஒருபடி மேலே போய், தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

என்னை இறங்க வைத்தது பயிற்சி பற்றிய ஆய்வுகள். 2011-இல் ஜெர்மனியில் ஒரு குழு, கனவில் கையை மடக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்த்தது. நிஜத்தில் கையை மடக்கும்போது வேலை செய்யும் அதே பகுதிதான். 2010-இல் டேனியல் எர்லாக்கரும் மைக்கேல் ஷ்ரெட்லும், 2 மீட்டர் தள்ளி வைத்த கப்பில் காசு எறிவதைச் சிலருக்குக் கனவில் பழகச் சொன்னார்கள். பழகியவர்களுக்குக் காலையில் குறி கூடியிருந்தது. 2016-இல் டடாஸ் ஸ்டம்ப்ரிஸுடன் சேர்ந்து விரல் தட்டும் வரிசை ஒன்றை வைத்துச் செய்த ஆய்வில், நிஜமாகப் பழகியவர்கள் 17 சதவீதமும், மனதுக்குள் நினைத்துப் பழகியவர்கள் 12 சதவீதமும், கனவில் பழகியவர்கள் 20 சதவீதமும் முன்னேறினார்கள். 20 என்பதைப் பார்த்துக் கனவுதான் உசத்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியது. மூன்றுமே பலன் தந்தன என்பதுதான் அதன் பொருள். எனக்கு அதுவே போதும். ஏனென்றால் நிஜமான போர்டில்தான் எனக்குப் பயம் வருகிறது.

முதல் மூன்று வாரம் கனவை நினைவில் வைக்கப் பழகுவதிலேயே போனது. தலைமாட்டில் ஒரு 40 பக்க நோட்டும் பென்சிலும் வைத்தேன். பேனா சரிப்படாது; மல்லாந்து படுத்தபடி எழுதினால் மை இறங்காது. விழித்ததும் புரளக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. படுத்த கோலத்திலேயே கனவைப் பின்னால் இருந்து முன்னுக்கு இழுக்க வேண்டும். புரண்டுவிட்டால் பாதி போய்விடும். முதல் வாரம் மொத்தமே இரண்டு கனவு, அதிலும் ஒன்று "மழை, சாக்கு, யாரோ" என்று மூன்று சொல்தான். மூன்றாம் வாரம் தினமும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிக்குமோ இல்லையோ, அது நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. உறக்கம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரெம் நீண்டுகொண்டே போய், விடியும் முன்புதான் மிக நீளமாக இருக்கும். அந்தக் கனவிலிருந்துதான் நாம் நேரே விழிக்கிறோம்.

நோட்டை எடுத்து, திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று அடிக்கோடிட்டேன். எனக்கு வந்தது என் தொழில்தான். பறித்த இலையை வாட்டும் வாட்டு மாடியில் இலை குவிந்து கிடக்கும், இலைக்குக் காற்று அடிக்கும் ட்ரஃப் ஃபேன் நின்றிருக்கும், நான் போய் சுவிட்சைப் போடுவேன், ஒன்றும் நடக்காது. அல்லது வீட்டில் விளக்கு சுவிட்சைப் போடுவேன், எரியாது. கனவில் சுவிட்ச் போட்டால் வெளிச்சம் சரியாக வராமல் போவதை அதே ஹெர்ன் 1981-இல் எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆகா, எலக்ட்ரீஷியனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்குமா என்று சந்தோஷப்பட்டேன். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் கனவு என்று முடிவு செய்துகொண்டேன்.

இங்கே அது செல்லுபடியாகவில்லை. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் நன்றாகவே பிடிக்கும். மழைக்கும் காற்றுக்கும் மரக்கிளை விழுந்து கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. மூன்று கனவில் சுவிட்ச் எரியவில்லை; மூன்றிலும் நான் "கரண்ட் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு டார்ச் தேடப் போயிருக்கிறேன். நோட்டில் அப்படியே இருக்கிறது. அதனால் சுவிட்சை ஞாபகப்படுத்தும் மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, உறுதி செய்ய வேறு சோதனை வைத்தேன்: மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்து, வாயை மூடி, மூச்சு இழுத்துப் பார்ப்பது. கனவில் நாம் பிடிப்பது கனவு மூக்கைத்தான். படுக்கையில் நிஜ மூக்கு திறந்துதான் இருக்கிறது, மூச்சு தாராளமாக ஓடுகிறது. அதனால் பிடித்த பிறகும் மூச்சு உள்ளே வரும். எத்தனையோ சோதனை சொல்கிறார்கள், எனக்கு ஒருமுறைகூடத் தப்பாதது இதுதான். பகலில் எப்போது கரண்ட் போனாலும் மூக்கைப் பிடித்தேன். மழை நாட்களில் ஐந்தாறு முறை ஆகும். செய்யும்போது "இது கனவாக இருக்குமோ" என்று நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். இயந்திரம் மாதிரி மூக்கைப் பிடித்து விட்டால் கனவிலும் அப்படித்தான் பிடித்து விடுவோம், ஒன்றும் உறைக்காது.

அடுத்தது நடுவில் எழுப்பும் கருவி. ஐந்தரை மணி நேரம் தூங்கி, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி தூங்கினால் தெளிவுக் கனவுக்கு வாய்ப்பு கூடுகிறது. நான் 10 மணிக்குப் படுப்பேன், 3.40-க்கு எழ வேண்டும். அலாரம் வைத்தால் மனைவியும் பிள்ளையும் எழுந்துவிடுவார்கள். பழைய பட்டன் போனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். எங்கள் வீட்டில் பலகைக் கட்டில், அது உறுமியதில் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மனைவி, "ஏங்க, என்னமோ வண்டி வந்து நிக்குது பாருங்க" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

போனைத் திறந்து வைப்ரேட்டர் மோட்டாரை மட்டும் கழற்றினேன். பென்சில் துண்டு அளவில் ஓர் உருளை, முனையில் ஒருபக்கம் கனமான சின்ன எடை. அது சுற்றுவதால்தான் அதிர்கிறது. போனில் மோட்டார் இருந்த இரண்டு புள்ளியிலிருந்து ஒன்றரை மீட்டர் வயர் இழுத்து, மோட்டாரை மணிக்கட்டுப் பட்டைக்குள் வைத்துத் தைப்பது திட்டம். வயருக்குப் பழைய இயர்போன் வயரை வெட்டினேன், மெல்லியது, வளையும். ஆனால் அதன் இழைகளுக்கு மேல் வார்னிஷ் பூசியிருக்கும். அதைச் சுரண்ட முடியாது. நுனியை லைட்டரில் ஒரு நொடி காட்டி, உருகிய சால்டருக்குள் முக்கி எடுத்தால்தான் பிடிக்கும். நான் அவசரத்தில் சரியாக எரிக்காமல் வைத்ததில் சால்டர் ஒட்டியதுபோல இருந்தும் பிடிக்காமல் ட்ரை சால்டர் ஆகி முதல் இரவே வேலை செய்யவில்லை. இரண்டாவது இரவு மோட்டார் துடித்தது, ஆனால் எடை பட்டைத் துணியில் சிக்கி நின்றுவிட்டது. பால்பாயின்ட் பேனா மூடி ஒன்றை வெட்டி அதற்குள் மோட்டாரைச் செருகி, வாயைப் பசையால் அடைத்தேன். இப்போது எடை சுற்ற இடம் கிடைத்தது. நான்காம் இரவு, புரண்டு படுத்ததில் வயர் போன் பக்கம் அறுந்தது. போனின் மூடியில் சின்னத் துளையிட்டு, வயரை உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தேன். இழுவை முடிச்சில் நின்றுவிடும், சால்டருக்குப் போகாது. டேபிள் ஃபேன் வயருக்குச் செய்வதுதான். அதன் பிறகு ஒரு நாளும் அது என்னைக் கைவிடவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனையும் கம்பளிக்குள்ளேயே வைத்தேன்.

3.40-க்கு எழுந்து என்ன செய்வது? முதலில் 15 நிமிடம் விழித்திருந்தேன். அந்த நேரத்தில் வெளியே போக முடியாது. எங்கள் பக்கம் இரவில் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல் வரை வரும், விடியும்வரை கதவைத் திறப்பதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து நோட்டைப் படிப்பேன், ஸ்ட்ரைக்கரைத் தரையில் வைத்துச் சுட்டுவிரலால் பத்து முறை மெல்லத் தள்ளுவேன். பிறகு படுத்துக்கொண்டு, லாபெர்ஜ் சொன்ன முறையில், "அடுத்து கனவு வரும்போது இது கனவென்று எனக்கு நினைவு வரும்" என்று சொல்லிக்கொண்டே, சற்று முன் கண்ட கனவுக்குள் திரும்பிப் போய் அதில் மூக்கைப் பிடிப்பதாக நினைத்துப் பார்ப்பேன். வாக்கியத்தை வாய் சொல்வதில் பலன் இல்லை, அந்த நினைப்புதான் முக்கியம்.

இதிலும் ஒரு கோளாறு. 15 நிமிடத்தில் கால் விறைத்துவிடும். விறைத்த காலோடு படுத்தால் முக்கால் மணி நேரம் தூக்கம் வராது, வந்தாலும் கனவு வராது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்த ஆய்வில், இந்த முறையைச் செய்து ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி தூங்கியவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதி முயற்சி பலித்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது சீக்கிரம் தூங்குவது. விழித்திருக்கும் நேரத்தை ஏழு நிமிடமாகக் குறைத்தேன், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன், படுக்கையில் கால் வைக்கும் இடத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தேன். டீ குடிப்பதில்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகு நான்காம் நாள்தான் முதல் கனவு பிடிபட்டது.

நவம்பர் 11. வாட்டு மாடி. ஃபேன் நின்றிருக்கிறது. சுவிட்சைப் போட்டேன், ஓடவில்லை. "கரண்ட்" என்று வாய் திறந்தபோதே கை மூக்குக்குப் போனது. மூச்சு வந்தது. குளிர்ந்த, இலை வாசம் உள்ள காற்று. பக்கத்தில் இலைக் குவியல் ஒவ்வொரு கொழுந்தாகத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவுதான், சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டு விழித்துவிட்டேன். ஐந்து நொடி இருக்கும். அன்று முழுக்க வேலையில் அந்தக் காற்று மூக்கிலேயே இருந்தது.

சந்தோஷம்தான் முதல் எதிரி. இரண்டாவது முறை, மூச்சு வந்ததும் உள்ளங்கைகளைச் சூடு வரும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். கனவு கலையாமல் நின்றது. ஆனால் போர்டு இல்லை. எங்கே போய் எடுப்பது என்று யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது. கனவில் வேண்டியதை அந்தரத்தில் வரவழைக்க எனக்கு வரவில்லை. கதவைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் என்று எதிர்பார்த்தால் இருக்கிறது. அதனால் பகலிலேயே முடிவு செய்து வைத்தேன்: எங்கே இருந்தாலும் அருகில் உள்ள கதவைத் திற, உள்ளே போர்டு இருக்கும்.

மூன்றாவது கனவில் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். போர்டு இருந்தது, மேலே பல்பு, சுற்றி யாரும் இல்லை. காய் வலது ஓரத்தில் நின்றது. அடித்தேன், விழுந்தது. மறுபடி அங்கேயே நின்றது. அடித்தேன், விழுந்தது. பன்னிரண்டு முறை, பன்னிரண்டும் விழுந்தன. விழித்தபோது கண்ணில் நீர். அன்று மாலை நிஜப் போர்டில் 20-க்கு 6.

அந்த 6-ஐ வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். கனவில் என் விரல் என்ன செய்தது? எனக்கு நினைவே இல்லை. நான் காய் விழுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவுப் போர்டில் சட்டத்துக்கும் பவுடருக்கும் கணக்கு இல்லை. விழும் என்று நினைத்தால் விழும். அடுத்த கனவில் "விழுமா" என்று ஒரு சந்தேகம் வந்தது, பாக்கெட்டே மூடிக்கொண்டது. அதற்கடுத்து காய் தேயிலைக் கொழுந்தாக மாறி ஒட்டிக்கொண்டது. செத்துப்போன அப்பாயி வந்து போர்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். நான் கேரமை விட்டுவிட்டு அவரிடமே உட்கார்ந்துவிட்டேன். அதற்காக வருத்தமில்லை. ஆனால் பயிற்சிக்கு அது கணக்கில் வராது. ஷாட்லிக், எர்லாக்கர், ஷ்ரெட்ல் மூவரும் 2017-இல் டார்ட்ஸ் என்ற அம்பெறியும் ஆட்டத்தை வைத்துச் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: கனவில் கவனம் சிதறாமல் எறிந்தவர்களுக்கு மட்டும் குறி கூடியது, சிதறியவர்களுக்குக் கூடவில்லை.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கனவு பொய்யான விடையைக் காட்டும். அதனால் விடையைப் பார்க்கவே கூடாது. கையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியதும் கைதான், காய் எங்கே போகும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக ஒரு ஷாட்டைக் கனவில் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் இப்போது நம்பவில்லை. தெரிந்த ஷாட்டில் கை செய்யும் தப்பைத் திருத்தலாம்.

இதைப் பகலிலேயே பழக்கினேன். போர்டின் எதிர்ப் பாதிக்கு மேலே, இரண்டு டம்ளரை நிறுத்தி அதன்மேல் செய்தித்தாளை விரித்தேன். காய் தாளுக்கு அடியில் போய்விடும், விழுந்ததா இல்லையா தெரியாது. எனக்குத் தெரிவது மூன்றுதான்: மணிக்கட்டு பலகையில் ஒட்டியிருக்கிறதா, சுட்டுவிரல் நகம் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுகிறதா வெட்டுகிறதா, விட்ட பிறகு விரல் நீண்டு நிற்கிறதா. தினமும் பத்து நிமிடம் இப்படி. ஒரு வாரத்தில் கனவுப் போர்டிலும் செய்தித்தாள் வந்துவிட்டது! கதவைத் திறந்தால் டம்ளரோடு தாளோடு போர்டு நிற்கும். பகலில் எப்படிப் பழகுகிறோமோ கனவு அதை அப்படியே எடுத்து வைக்கிறது. இந்த 14 வாரத்தில் நான் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்.

டிசம்பரில் வந்த இரண்டு கனவும் அப்படித்தான். எண்ணிக்கொண்டே அடித்தேன். எட்டு, பிறகு பதினொன்று. ஒவ்வொரு அடிக்கும் நிஜத்தைவிட நேரம் அதிகம் எடுப்பது போல இருந்தது. இதையும் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள்: கனவில் எண்ணுவதற்கு நிஜத்தில் ஆகும் நேரமே ஆனது, ஆனால் உட்கார்ந்து எழுவது போன்ற உடல் வேலைக்கு 40 சதவீதத்துக்கு மேல் அதிக நேரம் ஆனது. அதனால் வேகம் பழக இது சரிப்படாது. மெதுவாகச் செய்ய வேண்டியதற்கு நல்லது, என் ஷாட் அப்படிப்பட்டது.

இனி அளவு. தினமும் மாலை ஆறரைக்கு வலது ஓரக் காய் 20, இடது ஓரக் காய் 20. கனவில் வலதை மட்டும்தான் பழகினேன். இடது எதற்கு என்றால், தினமும் 20 அடித்தாலே கை தேறும். அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆனால் இங்கே போர்டே ஒரு நிலையில் இருக்காது. மலையின் ஈரத்தில் பலகை நீரை இழுத்து, போரிக் பவுடர் கட்டிப்போய், காய் சேற்றில் ஓடுவதுபோல ஓடும். மழை நாளில் எண்ணிக்கை குறைந்தால் அது கையா பலகையா? அதற்கு நம் ஊர் வைத்தியம்தான், போர்டுக்கு மேலே ஒரு பல்பு. எல்இடி பல்பு மாட்டினால் பயனில்லை, அதில் சூடு கீழே இறங்காது. 60 வாட்ஸ் குண்டு பல்புதான் வேண்டும். இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை; ஃபேக்டரி ஸ்டோரில் பழைய பெட்டியில் நான்கு இருந்தது, கேட்டு இரண்டு வாங்கினேன். போர்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு அரைமணி நேரம் எரியவிட்டு, பழைய பவுடரைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, புதிதாகத் தூவிய பிறகுதான் அளப்பேன். அதன்பிறகு மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

முதல் வாரச் சராசரி வலது 7, இடது 8. நவம்பர் நடுவில் 9, 10. பொங்கலுக்கு முந்தைய வாரம் வலது 13, இடது 11. வலது 6 கூடியிருக்கிறது, இடது 3. எனவே கனவின் பங்கு என்று நான் துணிந்து சொல்லக்கூடியது அந்த மிச்சம் 3-இல் ஏதோ ஒரு பகுதி. ஏன் ஒரு பகுதி என்றால், வலது ஷாட்டைப் பற்றித்தான் நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், அதிகாலையில் விரலைப் பழக்கியதும் செய்தித்தாள் வைத்துப் பழகியதும் அதைத்தான். 14 வாரத்தில் மொத்தம் ஒன்பது தெளிவுக் கனவு, அதில் போர்டு முன்னால் உட்கார்ந்தது ஐந்து, கையை மட்டும் பார்த்து அடித்தது இரண்டு கனவில் 19 அடி. இவ்வளவுதான். 19 அடி நிஜத்தில் கால்மணி நேர வேலை. ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்று உண்டு. டிசம்பர் இரண்டாவது கனவுக்குப் பிறகு, வலது ஓரத்தில் காய் நின்றால் நெஞ்சு இறுகுவது நின்றுவிட்டது. யாரும் பார்க்காத, தோற்க முடியாத ஓரிடத்தில் அந்தக் காயின் முன்னால் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன்; உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவு ஷிப்ட் வரும். அந்த வாரங்களில் இதைத் தொடவே இல்லை. ரோலர் பக்கத்தில், டிரையர் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பது விரலோடு போகிற விஷயம் இல்லை. பகல் ஷிப்டிலும் வாரத்துக்கு மூன்று இரவுக்கு மேல் 3.40-க்கு எழவில்லை. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடுவில் எழுந்து தூங்கும்போது சிலருக்கு விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருக்கும். எனக்கு ஒருமுறை வந்தது. அப்பாயி இருந்திருந்தால் அமுக்குவான் பேய் என்று திருநீறு பூசியிருப்பார். ரெம் உறக்கத்தில் தசைகளைப் பிடித்துவைத்த கட்டு இன்னும் அவிழாத நேரம் அது. பயந்து திமிறினால் நீளும். மூச்சை மெதுவாக விட்டு, கண்ணை மட்டும் உருட்டி, ஒரு கால்விரலை அசைக்கப் பார்த்தால் விட்டுவிடும். இதற்கே மிகவும் பயப்படுகிறவர்களும், ஏற்கெனவே தூக்கம் சரியில்லாதவர்களும் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

பொங்கல் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். எதிர் ஜோடி எங்களைவிட நன்றாக ஆடினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆட்டத்தில், கடைசி வெள்ளைக் காய், வலது ஓரம், சட்டத்தை ஒட்டி. நான் காயைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பலகையில் அழுத்தினேன், விரலைப் பார்த்தேன், நீட்டினேன். பாக்கெட்டில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். மாமா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார், "அந்தக் கைப்பட்டைய எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு." அவருக்கு 61 வயது. இரண்டு முறை உலக சாம்பியனான மரியா இருதயத்தின் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காருவார், இப்போது கேரம் உலகக் கோப்பை வென்ற சென்னைப் பெண் காசிமாவைப் பற்றியும் அப்படித்தான் பேசுகிறார். அவருக்குப் பேக் ஷாட்டில் இடது பக்கம் தோள் ஏறும், அதைச் சரிசெய்ய வேண்டுமாம். இரண்டாவது பட்டைக்கு மோட்டாரை ஒரு சின்ன மருந்துக் குப்பியின் ரப்பர் மூடிக்குள் வைத்தேன், பேனா மூடியைவிடச் சத்தம் குறைவு. நோட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் காலை ஐந்தரைக்கு போன் அடித்தது.

"மாப்ள, மூக்கப் புடிச்சேன். மூச்சு வந்துச்சு."

"சரி மாமா, அப்புறம்?"

"அப்புறம் என்ன, சந்தோசத்துல எந்திரிச்சிட்டேன்."

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல எழுதுங்க மாமா. அடுத்த தடவ மூச்சு வந்ததும் கையத் தேச்சுக்கிட்டுத் தரையப் பாருங்க. அப்புறம் பக்கத்துல எந்தக் கதவு இருக்கோ, அதத் தெறங்க."